ஜன்னலோர நாற்காலியின் பின்னூட்டம்

எழுதுவது எப்படி என்று ஊருக்குச் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நான் கடைசியாக எழுதியிருந்தது வீட்டுக்காரருக்குத் தண்ணீர் மோட்டார் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி. அவர் அதைப் படித்துவிட்டார். மோட்டார் இன்னும் ஓடவில்லை. என் எழுத்தின் வலிமை அவ்வளவுதான்.

கோயமுத்தூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையில் நான் கௌரவ விரிவுரையாளன். பெயர் ரூபன். மற்றவர்கள் பெயரெல்லாம் துறைப் பலகையில் பெயின்டில் இருக்கிறது. என் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் வேலை முடிந்துபோகும். ஜூனில் புதுப்பிப்பார்கள், அல்லது மாட்டார்கள்.

மார்ச் மாதம் துறைத் தலைவர் கோபாலசாமி கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். தப்பு செய்தவனைத் திட்டுவதற்கு முன்னால்கூட உட்காரச் சொல்பவர்.

"உக்காருங்க ரூபன். டீ சாப்புட்டீங்களா? அடுத்த மாசம் தர மதிப்பீட்டுக் குழு வருதுங்க. ஒவ்வொரு துறையும் புதுமையா ஒண்ணு காட்டோணும்னு மேல சொல்லிப்போட்டாங்க. இயற்பியல்ல ரோபோ காட்டறாங்களாம். நம்மகிட்ட என்னங்க இருக்குது?"

"நான் இருக்கறனுங்க ஐயா."

அவர் சிரிக்கவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு காக்கி ஃபைலை எடுத்துத் தந்தார். "எழுத்துக் கலையைப் பத்தி ஒரு பிளாக். மாணவர்களுக்குப் பயிற்சி எல்லாம் இதுலயே இருக்குது. நீங்க ஏத்தி மட்டும் உடுங்க. குழுவுக்குப் புடிச்சுதுன்னா உங்க புதுப்பித்தல் ஃபைலை நானே கையில கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிட்டு வாரேன்."

ஃபைலில் தட்டச்சு செய்த நான்கு பயிற்சிகள் இருந்தன. பக்க எண் இரண்டில் தொடங்கியது. ஸ்டேப்ளர் பின்னில் முதல் பக்கத்தின் ஒரு மூலை மட்டும் கிழிந்து ஒட்டியிருந்தது. யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. வந்ததை வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்காமல் நன்றி சொல்வது கௌரவ விரிவுரையாளர்களின் குலத்தொழில். பிளாக்கில் ஏற்றும்போது மேலே ‘ரூபன்’ என்று போட்டுக்கொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

என் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய விடைத்தாள் கட்டுகளை வைக்கிற அறை அது. மிச்ச இடத்தில் என்னை வைத்திருந்தார்கள். இரண்டு மேசை, இரண்டு நாற்காலி. என்னுடையது கதவுப் பக்கம். எனக்குப் பின்னால், ஜன்னலோரமாக இன்னொன்று. அதில் ஒரு கம்ப்யூட்டர் திரை மட்டும் தூசி படிந்து கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அப்பால் ஒரு தறிக்குடோன். நாள் முழுக்க நான்கு விசைத்தறிகள் டக்கடா டக்கடா என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்று பத்துக்குப் பாவாத்தாள் டீ கொண்டுவருவார். துப்புரவும் அவர்தான், டீயும் அவர்தான். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்கிறவர்கள் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். அவரவர் டம்ளரில் அவரவர் டீ. சேர்ந்த அன்று நானும் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டேன். "வருசா வருசம் மாறுறவங்களுக்கு எதுக்குங்க பேரு?" என்று ஒரு பேராசிரியை அன்பாகச் சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு பழைய டம்ளரை எடுத்துத் தந்தார். காங்கேயம் பக்கம் பண்ணையத்தில் வேலை பார்த்த காலத்தில் என் அப்பாவுக்கும் டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது. அதிலும் பெயர் கிடையாது. மகன் எம்ஃபில் படித்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான் என்று நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். டீ நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஆறியிருந்தது.

பாவாத்தாளிடம் ஒரு பழக்கம். உள்ளே வந்ததும் என் டம்ளரை ஜன்னலோர மேசையில் வைப்பார். ஜன்னல் கொக்கியைச் சரிசெய்வார். பிறகு எடுத்து என்னிடம் நீட்டுவார்.

முதல் பயிற்சியைத் திங்கட்கிழமை ஏற்றினேன். ‘உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது. நினைப்பதை எழுதாதே.’ மாணவர்கள் அறுபது பேருக்கும் வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினேன். அறுபது கட்டைவிரல் வந்தது. பின்னூட்டம் ஒன்றே ஒன்று. பெயர் போட வேண்டிய இடம் காலி. நேரம் 3.10.

‘ஜன்னலோரம் இருக்கிறேன். இடப்பக்கம் இரும்பு பீரோ. அதன் கதவில் பச்சை சாக்பீஸில் 47 என்று எழுதியிருக்கிறது. எதிரே ஒருவருடைய முதுகு. சட்டைக் காலருக்கு மேலே வெயிலில் கறுத்த ஒரு கோடு. அவர் படிக்கும்போது இடது காலை ஆட்டுகிறார்.’

என் இடது கால் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. பீரோக் கதவில் 47 இருந்தது. நான்கு மாதமாக அந்த அறையில் இருக்கிறேன். அதை அன்றுதான் பார்த்தேன். பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வரியில் என்னை எழுதிவிட்டார்கள்.

இது கம்ப்யூட்டர் சென்டர் ரவிதேஜாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று நேரே அவனிடம் போனேன். பல்கலைக்கழகத்தின் எல்லா வலைத்தளமும் அவன் கையில். கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தேஜா, கிண்டல் பண்றதுக்கு வேற ஆள் கெடைக்கலியாப்பா?"

"உங்க பிளாக்குலயா சார்? கிண்டல் பண்ணினா நாலு பேர் பாக்கோணுமல்ல? மொத்தமே பதினாலு பார்வை. அதுல பதிமூணு நீங்க."

"மீதி ஒண்ணு?"

அவன் திரையைப் பார்த்தான். கேக்கைக் கீழே வைத்தான். "அதுவும் உங்க ரூம்தானுங்க சார். ரெண்டாவது சிஸ்டம்."

"ரெண்டாவது சிஸ்டம்னு ஒண்ணு இல்லியே. வெறும் திரைதான கெடக்குது?"

"ஆமாங்க. சிபியுவைப் போன வருசமே நான்தான் கழட்டிட்டு வந்தேன்." விரலை நீட்டினான். மூலையில், கழற்றிப்போட்ட பெட்டிகளுக்கு நடுவே, ‘தமிழ் - கௌரவ - 2’ என்று மார்க்கர் பேனாவில் எழுதிய ஒரு பெட்டி வயர் இல்லாமல் கிடந்தது.

"பழைய நம்பரைச் சர்வர் நெனப்புல வெச்சிருக்கும் சார். கண்டுக்காதீங்க," என்றான். சொல்லிவிட்டு அவனும் கண்டுகொள்ளாமல் இருக்க மிகவும் முயன்றான்.

இரண்டாம் பயிற்சி: ‘கண்ணை மூடு. கேட்பதை மட்டும் எழுது.’ புதன்கிழமை மாலை ஏற்றினேன். வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஜெனரேட்டர் நிர்வாகக் கட்டடத்துக்கு மட்டும். ஃபேன் ஓடவில்லை. கம்ப்யூட்டர் சென்டரைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் பிளாக் குடியிருக்கும் சர்வரும் உள்ளே அணைந்து கிடந்தது. தறிக்குடோனும் நின்றுபோனது. அந்த ஓசை இல்லாமல் நட்டநடு மதியம் அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாற்காலியைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, பார்க்காமலிருக்க முடியாமல், என் மனைவி கிருபாவுக்குப் போன் போட்டேன்.

"பேயா?" என்றாள். "அதுக்காச்சும் நீங்க எழுதறதப் படிக்கோணும்னு தோணுச்சே. வெரட்டிப் போடாதீங்க. புதுப்பித்தல் என்னாச்சு?"

வெள்ளிக்கிழமை காலை பிளாக்கைத் திறந்தேன். ஒரு பின்னூட்டம். நேரம்: வியாழன், 3.10.

‘தறி நின்றிருக்கிறது. விடைத்தாள் கட்டுக்குள் ஒரு பூச்சி காகிதம் தின்கிறது. சாலையில் லாரி ஒன்று கியர் மாற்றுகிறது. முன்னால் இருப்பவர் போனில், பயமெல்லாம் இல்லடி என்கிறார். மூன்று முறை சொன்னார்.’

மூன்று முறைதான். நான் எண்ணவில்லை, கிருபா எண்ணியிருந்தாள்.

ரவிதேஜாவிடம் போனேன். வியாழக்கிழமை முழுக்கச் சர்வர் அணைந்திருந்தது என்றான். பிறகு, தான் காரமடைக்கு மாற்றல் கேட்கப்போவதாகச் சொன்னான். எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் காரமடையில் எதுவும் இல்லை.

நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் குழு வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. நான்கு பயிற்சியும் ஏறியிருக்க வேண்டும். அதைவிட இன்னொரு காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அறுபது கட்டைவிரல்களுக்கு மத்தியில் நான் ஏற்றியதைப் படித்து, சொன்னபடி உட்கார்ந்து எழுதியவர் ஒருவர்தான். அவருக்குப் பெயர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. வீட்டுப்பாடம் மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது.

திங்கட்கிழமை மூன்றாவது: ‘கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஒரு பொருளை, அதன் பெயரைச் சொல்லாமல் எழுது.’ ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். மூன்று பத்துக்குப் பாவாத்தாள் வந்து, ஜன்னலோர மேசையில் டம்ளரை வைத்து, கொக்கியைத் தொட்டு, எடுத்து என் கையில் தந்தார். திரையில் எழுத்து வந்து விழுந்தது.

‘சூடாக வரும். எனக்கு வந்த பிறகு அவருக்குப் போகும். விளிம்பில் ஒரு சின்ன நெளிவு. வயிற்றில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடம், வெள்ளிக்காசு அகலம். தேய்த்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். விரல் வைத்தால் இன்னும் படிக்கலாம்.’

என் விரல் ஏற்கனவே அங்கேதான் இருந்தது. டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்தேன். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து, பாதி மழுங்கி: அன்புக்கரசி.

"ஏனுங்க பாவாத்தாக்கா, இது யாரு?"

பாவாத்தாள் கதவருகில் நின்றார். முந்தானையில் கையைத் துடைத்தார். கை ஈரமாக இல்லை.

"உங்களுக்கு முன்னால அந்தச் சேர்ல இருந்த அம்மணிங்க. ரெண்டு வருசம் இருந்துச்சு. பேரு வெட்டக் கூடாதுன்னாங்க. அது கேக்கல, சொந்தக் காசுல வெட்டியாந்துருச்சு. இந்தப் பயிற்சியெல்லாம் அதுதானுங்க ராவும் பகலும் டைப் அடிச்சுது. மாசாமாசம் ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஐயா ரூமுக்கும் இங்கயும் நடந்துக்கிட்டே இருக்கும்."

"இப்ப எங்க?"

"எங்க போகுதுங்க? இங்கதான் இருக்குது." சாதாரணமாகத்தான் சொன்னார். "போன வருசம் மார்ச்சுல, மூணு மணியாட்ட, ஜெராக்ஸ் எடுக்கோணும்னு வண்டி எடுத்துட்டுப் போச்சு. டீ ஆறிப்போகும், குடிச்சுட்டுப் போ கண்ணுன்னேன். வந்து குடிக்கறேன்னுச்சு. ரோட்டுல லாரிக்காரன்..." ஜன்னலைப் பார்த்தார். "அதான் மொதல்ல அதுக்கு வெச்சுட்டு உங்களுக்குத் தாரேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

நான்கு மாதமாக எனக்கு டீ ஆறி வந்ததன் காரணம் அன்று தெரிந்தது. டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, குடிக்கவும் தோன்றவில்லை. கடைசியில் குடித்தேன். பிறர் எச்சில் என்று முகம் சுளிக்கிற பரம்பரை இல்லை என்னுடையது.

டம்ளரோடு துறைத் தலைவர் அறைக்குப் போய், மேசையில் வைத்தேன். கோபாலசாமி நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ஒரு மூலை கிழிந்திருந்தது.

‘எழுதும் கை: ஒரு வலைப்பூவுக்கான முன்மொழிவு. அ. அன்புக்கரசி, கௌரவ விரிவுரையாளர்.’ ஓரத்தில் பச்சை மையில் அவருடைய கையெழுத்து: ‘மூன்று பிரதிகளுடன் சமர்ப்பிக்கவும்.’

"ரெண்டு வருசம் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னே சொன்னனுங்க," என்றார். "அன்னிக்கு என்னமோ மனசு வந்துச்சு. சரி, மூணு காப்பி எடுத்துட்டு வாங்கன்னேன். எதுக்கு மூணுன்னு எனக்கே தெரியாதுங்க. எங்களுக்கு முன்னால இருந்தவங்க மூணு கேட்டாங்க, நானும் கேட்டுப்போட்டேன்."

"டம்ளரைத் தேச்சது?"

"நான்தானுங்க. தெனமும் மூணு பத்துக்குத் தட்டுல அந்தப் பேரு வந்து நிக்குமுங்க. உப்புத்தாள் வாங்கித் தேச்சேன். பாதிக்கு மேல தேய்க்க மனசு வரலீங்க."

அவர் குழுவுக்கு அச்சடித்திருந்த அறிக்கை மேசையிலேயே இருந்தது. ‘வலைப்பூ. கருத்தாக்கம்: முனைவர் கோபாலசாமி. செயலாக்கம்: ரூபன்.’ அதற்குக் கீழே என் புதுப்பித்தல் ஃபைல்.

"வெள்ளிக்கெழம குழு வந்துட்டுப் போகட்டுமுங்க," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கப்புறம் அவங்க பேரைப் போட்டுக்கலாம். இப்ப மாத்துனா அறிக்கை பொய்யாயிரும். அப்புறம் உங்களைப் பத்தி எழுதறதுக்கும் ஒண்ணும் இருக்காதுங்க. நாலே நாளு."

வீரமாக ஏதாவது சொன்னேன் என்று இங்கே எழுதலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் என் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற ஆள் இருக்கிறது. நான் சொன்னது இதுதான்: "சரிங்க ஐயா."

வியாழக்கிழமை நான்காவது, கடைசிப் பயிற்சியை ஏற்றினேன். ‘உன் கதைமாந்தருக்கு என்ன வேண்டும்? அதை அவர் வாயால் கேட்க விடு.’

மூன்று பத்து ஆனது. பாவாத்தாள் வந்தார், வைத்தார், எடுத்தார், தந்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. சுவருக்கு அப்பால் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரம் இருந்தது. தறி மட்டும் நின்றது. எனக்குப் பின்னால் நாற்காலி, ஒருவர் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தால் எழுகிற அந்தச் சின்ன ஓசையை எழுப்பியது. பிடரியில் காலருக்கு மேலே, அந்தக் கறுத்த கோட்டில், குளிர்ந்தது. திரும்பவில்லை. பிறகு வந்தது.

‘நாளை வாருங்கள் என்றார். வந்தேன். மூன்று பிரதி என்றார். போனேன். இப்போது வெள்ளிக்கிழமை வரை என்கிறார். முன்னால் இருப்பவரும் சரி என்கிறார். எனக்கு டீ வேண்டாம். முதல் பக்கம் வேண்டும்.’

அதற்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு வரி.

‘அவர் காலை ஆட்டவில்லை. அழுகிறார் என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பதை எழுதக் கூடாது.’

மேலே ‘ரூபன்’ என்று இருந்ததை அழித்தேன். நான்கு இடம். நான்கிலும் ‘அ. அன்புக்கரசி’ என்று போட்டேன். ‘எழுதும் கை’ என்று தலைப்பு வைத்தேன். கிருபாவுக்குச் சொன்னேன். "சரி, உடுங்க. ஜூன்ல டியூசன் எடுத்துக்கலாம்," என்றாள். துறைத் தலைவருக்குச் சொல்ல அவர் அறைக்குப் போகும் தைரியம் இல்லை, வாட்ஸ்அப்பில் எழுதினேன். அவரும் படித்துவிட்டார். பதில் இல்லை. என் எழுத்தின் வலிமை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை குழுவில் மூன்று பேர் வந்தார்கள். என் அறையிலேயே, என் கம்ப்யூட்டரிலேயே பிளாக்கைக் காட்டச் சொன்னார்கள். தலைவியாக வந்த அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான்கு பயிற்சியையும் படித்தார். பின்னூட்டங்களையும் படித்தார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறதே. யார் இந்த அன்புக்கரசி? கூப்பிடுங்கள், பேசலாம்."

மணி மூன்று பத்து. பாவாத்தாள் தட்டோடு உள்ளே வந்து, குழுவைச் சட்டையே செய்யாமல், முதல் டம்ளரை ஜன்னலோர மேசையில் வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.

கோபாலசாமி முன்னால் வந்தார். கையில் முதல் பக்கம் இருந்தது. அச்சடித்த அறிக்கையில் ஒரு தாளை உருவிவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தார். "அவங்க இல்லீங்க," என்றார். "நான்தான் மூணு காப்பி கேட்டு அனுப்பிச்சேன்." நடந்ததை முழுக்கச் சொன்னார். குரல் உடைந்தபோதும் ‘ங்க’ மட்டும் ஓர் இடத்திலும் விடுபடவில்லை.

அம்மையார் ஏதோ குறித்துக்கொண்டார். இன்னொருவர் ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போய், என்ன நினைத்தாரோ, நின்றுகொண்டார். பிறகு கழிவறைகளைப் பார்க்கப் போனார்கள்.

எங்கள் துறைக்கு ரோபோவை விடக் குறைந்த மதிப்பெண்தான்.

அடுத்த திங்கட்கிழமை கோபாலசாமி ஒரு துணிப்பையோடு என் அறைக்கு வந்தார். உள்ளே இரண்டு டம்ளர். ஒன்று பழையது, தேய்ந்த இடத்தின் மேலேயே ஆழமாக மறுபடி பெயர் வெட்டியிருந்தது. இன்னொன்று புதியது. ‘ரூபன்’ என்றிருந்தது.

"புதுப்பித்தல் என்னாகும்னு தெரியலீங்க ரூபன். மேல வெளக்கம் கேக்கறாங்க. நீங்க மறுபடி ஒரு விண்ணப்பம் குடுங்க."

"மூணு காப்பிங்களா ஐயா?"

"ஒண்ணு போதுமுங்க," என்றார். கதவு வரை போனவர் திரும்பினார். "அதையும் இங்கயே கையால எழுதிக் குடுத்துருங்க. வெளிய போகாதீங்க."

அன்று எனக்கு டீ சூடாக வந்தது. நாக்குச் சுட்டது.

ஒரு வாரம் பின்னூட்டம் எதுவும் வரவில்லை. நாற்காலி அசையவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இருந்த ஒரே வாசகரும் போய்விட்டால் எப்படி இருக்கும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஃபைலில் இருந்த நான்கும் தீர்ந்துவிட்டதால், ஐந்தாவது பயிற்சியை நானே எழுதிப் பார்த்தேன். மூன்று பத்தி. இரண்டாவது பத்தியில் கொஞ்சம் அழகு காட்டியிருந்தேன். என் பெயரிலேயே ஏற்றினேன்.

மூன்று பத்துக்குப் பாவாத்தாள் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். ஒன்றை ஜன்னலோரம் வைத்தார். ஒன்றை என்னிடம் தந்தார். தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. பின்னால் நாற்காலி லேசாக முன்னுக்கு நகர்ந்தது.

‘இரண்டாம் பத்தி தேவையில்லை.’

பிடரி குளிர்ந்தது. என் இடது கால் ஆடிக்கொண்டிருந்தது, நிறுத்தவில்லை. இரண்டாம் பத்தியை எடுத்துவிட்டேன். அவர் சொன்னது சரிதான்.